கால் மைல் கணக்கு

காரைப் பிரித்து மாற்றியமைப்பவர்களுக்குப் பொதுவாக வாய் கொஞ்சம் நீளம். கார்புரேட்டரை மாற்றியதில் பத்து குதிரைசக்தி கூடியது, சைலன்ஸரை மாற்றியதில் இன்னும் ஐந்து என்று அளந்துகொண்டே போவார்கள். லூதியானாவானாலும் டெட்ராய்ட்டானாலும் இதில் வித்தியாசமில்லை. அமெரிக்காவில் இந்தச் சவடாலை அடக்க ஒரு துண்டுக் காகிதம் இருக்கிறது. டிராக் ஸ்டிரிப் எனப்படும் நேர்கோட்டுப் பந்தயப் பாதையில் ஒரு முறை ஓட்டிவிட்டுத் திரும்பும்போது கையில் கொடுக்கப்படும் நேரச் சீட்டு அது.

பாதையின் நீளம் கால் மைல். அதாவது 1,320 அடி, மீட்டரில் 402. இவ்வளவு தூரம் நேராக ஓட இடம் வேண்டுமே? அதனால்தான் இந்தப் பந்தயம் விமான ஓடுபாதைகளில் வளர்ந்தது. 1950இல் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா விமான நிலையத்தில் இது முறையாக நடக்கத் தொடங்கியது, மறு வருடமே விதிமுறை வகுக்க தேசிய ஹாட் ராட் சங்கம் (என்.எச்.ஆர்.ஏ.) உருவாயிற்று. (சென்னைக்கு அருகே சோழவரத்திலும் உலகப் போர்க் காலத்து விமானத் தளத்தில்தான் பல்லாண்டு காலம் கார்கள் சீறின. ஆனால் அங்கே புகழ்பெற்றவை வளைந்து திரும்பும் சுற்றுப் பந்தயங்கள்.)

சீட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். பச்சை விளக்கு எரிந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிடையாது. முன் சக்கரம் ஓர் ஒளிக்கற்றையை மறைத்துக்கொண்டு நிற்கிறது. சக்கரம் நகர்ந்து கற்றை விடுபடும்போதுதான் காரின் நேரம் ஆரம்பமாகிறது. ஓட்டுநர் தூங்கி வழிந்தால் அது தனிக் கணக்கு, அந்தப் பழி காருக்குச் சேராது. 60 அடியில் ஒரு நேரம், பிறகு 330, 660, 1,000 அடிகளில், கடைசியாக 1,320 அடியில். கூடவே வேகம். இது பாதையின் கடைசி 66 அடியில் அளக்கப்படுவது.

இதில் இரண்டு எண்கள் முக்கியம்: மொத்த நேரம், முடிவு வேகம். இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்வதாகத் தோன்றும். புறப்படும்போது டயர் தரையைப் பிடிக்காமல் சுழன்று அரை விநாடியைத் தொலைத்த காரும் கடைசியில் நல்ல வேகம் காட்டும். சக்தி குறைந்த கார் கிளம்பும்போது துல்லியமாகப் பாய்ந்தால் நேரத்தை மிச்சம் பிடித்துவிடும். ஆனால் வேகக் கட்டம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வேகம் முக்கியமாக எடைக்கு எவ்வளவு சக்தி என்பதைப் பேசுகிறது. நேரமோ அந்தச் சக்தி எவ்வளவு சீக்கிரம் தரைக்கு வந்து சேர்ந்தது என்பதையும் சேர்த்துப் பேசுகிறது. ஒரே காரின் சீட்டுகளைப் பல வருடங்களுக்குச் சேர்த்து வைத்து வரிசையாகப் படித்தால், எந்த மாற்றம் எங்கே பலித்தது என்று புரிந்துவிடும். உரிமையாளரின் விளக்கமே தேவையில்லை.

அப்படிப் படிக்கத் தகுந்த கார் ஒன்று அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் இருந்தது. 1972ஆம் வருட டாட்ஸன் 1200. இரண்டு கதவு வெள்ளைக் கார். வந்தபோது அதில் இருந்தது 1,171 சி.சி. பெட்ரோல் என்ஜின். நம் பிரிமியர் பத்மினியின் 1,089 சி.சி.யோடு ஒப்பிட்டால் என்ன ஜாதிக் கார் என்பது விளங்கும். எடை சுமார் 700 கிலோ. அதன் உரிமையாளர் ஜான் வேலாண்ட் 1990களில் என்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு மின்சார மோட்டாரைப் பொருத்தினார். பெயரையும் ஒயிட் ஜாம்பி என்று வைத்தார். நம்பர் பிளேட்டோடு தெருவில் ஓட்டக்கூடிய காராகவே அதை வைத்துக்கொண்டதுதான் விசேஷம்.

அந்தக் காலத்தில் மின்சாரக் கார் என்றால் கோல்ஃப் மைதான வண்டி என்றுதான் அமெரிக்கர்களின் நினைப்பு. மின்சாரத்துக்கு வேகப் பரம்பரை இல்லாமலில்லை. 1899இல் பாரிஸுக்கு அருகே காமில் ஜெனாட்ஸி மணிக்கு 105.88 கி.மீ. வேகத்தைத் தொட்டு உலக சாதனை படைத்தது மின்சாரக் காரில்தான். அதன் பிறகு பெட்ரோல் வென்றது, மின்சாரம் பால் வண்டிக்கும் கிடங்குக்கும் போய்ச் சேர்ந்தது. ஒயிட் ஜாம்பிக்குள் புகுந்த மோட்டார்களே கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் வம்சம்தான். இரண்டு மோட்டார்களை ஒரே தண்டில் ஒட்டிப் பிறந்த இரட்டையர் போலக் கோத்திருந்தார்கள்.

இவற்றைக் கட்டுப்படுத்திய விதம் மும்பைவாசிகளுக்குப் பழக்கமானது, அவர்கள் அதை அறிந்திருக்காவிட்டாலும். பழைய டி.சி. மின்சார லோக்கல் ரயில் நிலையத்திலிருந்து கிளம்பும்போது அதன் மோட்டார்கள் தொடர் இணைப்பில் இருக்கும். ஒரே மின்னோட்டம் எல்லா மோட்டார்கள் வழியாகவும் பாய்வதால் இழுவை அதிகம். வேகம் பிடித்ததும் இணைப்பு பக்க இணைப்பாக மாறும், ஒவ்வொரு மோட்டாருக்கும் முழு மின்னழுத்தம் கிடைக்கும். ஒயிட் ஜாம்பியும் இதே வித்தையைத்தான் செய்தது. கியர் பெட்டி கிடையாது. ஆக, ரயிலின் நூறு வருடப் பழைய உபாயமும் ஃபோர்க்லிஃப்டின் மோட்டாரும் சேர்ந்து கார்வெட்டுகளையும் மஸ்டாங்குகளையும் பயமுறுத்தக் கிளம்பின.

முதல் எதிரி பேட்டரி. ஆரம்பத்தில் அதில் அடுக்கப்பட்டவை ஈய அமில பேட்டரிகள். எடையோ கொல்லும். அதைவிடப் பெரிய கோளாறு, அதிக மின்னோட்டத்தை ஒரேயடியாக உறிஞ்சும்போது அவற்றின் மின்னழுத்தம் சரிந்துவிடும். காலையில் ஸ்டார்ட்டரைத் திருகும்போது காரின் முன்விளக்கு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான், பல மடங்கு பெரிய அளவில். கார் புலி மாதிரிப் பாயும், பாதி தூரத்தில் மூச்சு வாங்கும்.

இந்த ஈய அமில யுகத்தில் ஒயிட் ஜாம்பியின் சிறந்த சீட்டு 12.15 விநாடி, மணிக்கு 106 மைல் (171 கி.மீ.). பெரிய வி-8 என்ஜின் வைத்த பல கார்களின் உரிமையாளர்கள் இதற்கே வாயடைத்துப் போனார்கள்.

2000களின் பிற்பகுதியில் லித்தியம் வந்தது. துளை போடும் மின்கருவிகளுக்காக ஏ-123 என்ற அமெரிக்க நிறுவனம் செய்துவந்த வகை பேட்டரி. கார் அடுத்து எட்டிய இலக்கம் 11.46 விநாடி, 114 மைல். பின்னர் 2010இல் டெள கோகாம் நிறுவனத்தின் 22.7 கிலோவாட்-மணி பேட்டரியோடு ஓடியபோது 10.25 விநாடி. முடிவு வேகம் ஏறக்குறைய 124 மைல், அதாவது மணிக்கு 199 கி.மீ.

இங்கேதான் கூட்டல் கழித்தல் சுவாரசியமாகிறது. டிராக் பந்தயக்காரர்களிடம் நெடுங்காலமாகப் புழங்கும் விதி ஒன்று உண்டு: முடிவு வேகம், சக்தியை எடையால் வகுத்து வரும் எண்ணின் கன மூலத்தைப் பொறுத்தது. நேரம் அதற்குத் தலைகீழ். எளிமையாகச் சொன்னால், வேகத்தை 10 சதவீதம் கூட்ட வேண்டுமானால் சக்தியை 33 சதவீதம் கூட்டியாக வேண்டும். கால் மைலில் ஒரு விநாடியைக் குறைக்க ஏன் பலருக்கு வீட்டுக் கடன் அளவுக்குச் செலவாகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஈயத்திலிருந்து முதல் லித்தியத்துக்கு மாறியதை இந்த விதியில் போட்டுப் பாருங்கள். வேகத்தின்படி பார்த்தால் எடைக்கான சக்தி 24 சதவீதம் கூடியிருக்கிறது. நேரத்தின்படி 19 சதவீதம்தான். வேகம் அதிகம் லாபமடைந்திருக்கிறது. பாதையின் பின்பாதியில் மூச்சு வாங்கிய நோய் குணமாகியிருக்கிறது என்று பொருள். பேட்டரி மாறினால் இப்படித்தான் நடக்க வேண்டும்.

இரண்டாவது தாவலில் கதை தலைகீழ். வேகம் காட்டும் லாபம் 28 சதவீதம். நேரமோ 40 சதவீதம் என்கிறது. சக்தி கூடியது உண்மை. ஆனால் சக்தி மட்டும் இவ்வளவு நேரத்தைக் கொடுத்திருக்க முடியாது. கார் கிளம்பும் விதமே மாறியிருக்கிறது. இன்னொரு எண்ணும் இதை உறுதிப்படுத்துகிறது. நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகத்தைத் தொட முன்பு ஏறக்குறைய 3 விநாடி பிடித்தது, 2010இல் 1.8 விநாடி. மொத்தமாக மிச்சமானதே 1.2 விநாடிதான். அதாவது அந்த மிச்சம் ஏறக்குறைய முழுவதும் பாதையின் தொடக்கத்திலேயே சம்பாதித்தது. மிச்சத் தூரத்தில் கார் அதை இழக்காமல் காப்பாற்றிக்கொண்டது, அவ்வளவே. புதிய பேட்டரி என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். டயருக்கும் பின்பக்க ஸ்பிரிங்குகளுக்கும் கிளம்பும் நொடியில் மின்னோட்டத்தை அளந்து கொடுத்த கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் அந்தப் பெருமையில் பாதியையாவது கொடுக்க வேண்டும்.

பல வருடச் சீட்டுகளை ஒப்பிடும்போது பெட்ரோல்காரர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. காற்று. வெயில் நாளில் காற்று அடர்த்தி குறையும், என்ஜினுக்கு மூச்சுத் திணறும். கொலராடோவில் 5,800 அடி உயரத்தில் இருந்த பாண்டிமியர் பாதையில் சாதாரண பெட்ரோல் கார்கள் ஒரு விநாடியைக்கூட இழந்துவிடுவது சகஜம். அதற்கென்றே திருத்தப் பட்டியல்கள் இருக்கின்றன. 'கடல் மட்டத்துக்குத் திருத்திய நேரம்' என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் சீட்டின் கறார்த்தன்மை போய்ச் சவடால் பின்வாசல் வழியாக நுழைகிறது. மின்சாரக் கார் மூச்சு விடுவதில்லை. மெல்லிய காற்று அதற்கு அனுகூலம்கூட, எதிர்ப்புக் குறைவு. ஆனால் அதற்கு வேறொரு பலவீனம்: பேட்டரியின் வெப்பநிலை. குளிர்ந்த பேட்டரி சக்தியை எளிதில் விடாது. பந்தயத்துக்கு முன் அதைச் சூடேற்றி வைப்பார்கள். இந்த வெப்பநிலை எந்தச் சீட்டிலும் அச்சாவதில்லை. சொந்தமாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து எழுதாதவனுக்குப் பத்து வருடம் கழித்துத் தன் சீட்டே புரியாது.

விதிமுறைகளும் கணக்கில் வருகின்றன. பழைய கார் 11.49 விநாடி அல்லது அதற்கும் குறைவான நேரத்தில் ஓடினால் கூரை நசுங்காமல் தாங்கும் இரும்பு வளைவு கட்டாயம். 9.99ஐத் தொட்டால் முழுக் கூண்டு, ஓட்டுநருக்குத் தனி லைசென்ஸ். கூண்டு என்றால் எடை. எடை என்றால் நேரம். 10.25இல் இருந்த ஒயிட் ஜாம்பிக்கு அடுத்த கால் விநாடியின் விலை அதுவரை கொடுத்த விலைகளையெல்லாம் விட அதிகம்.

அந்த இடைவெளியில் தொழிற்சாலை வந்து சேர்ந்தது. 2017இல் மோட்டார் டிரெண்ட் இதழ் டெஸ்லாவின் மாடல் எஸ் பி100டி காரை ஓட்டிப் பார்த்தது. 10.5 விநாடி, 125 மைல். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகக்கூடிய நான்கு கதவுக் கார், குளிர்சாதன வசதியோடு. 2021இல் அதே நிறுவனத்தின் பிளெய்ட் ரகம் 9.2 விநாடிக்கு இறங்கிவிட்டது. அதன் எடை இரண்டு டன்னுக்கு மேல். அசல் டாட்ஸனைப் போல மூன்று மடங்கு. ஏறக்குறைய பதினைந்து வருடம் ஒரு கராஜில் சுரண்டிச் சுரண்டிச் சேர்த்த விநாடிகளை, பணம் உள்ள எவரும் ஷோரூமில் ஒரே நாளில் வாங்கிவிடலாம் என்றாயிற்று.

மின்சாரக் கார் ஓடும் என்று நிரூபிப்பது ஒன்றே நோக்கமென்றால் வேலாண்ட் வென்றுவிட்டார், சந்தேகமில்லை. ஆனால் பிளெய்ட் வாங்கியவரின் சீட்டில் படிக்க என்ன இருக்கிறது? முதல் நாள் ஓட்டமும் கடைசி நாள் ஓட்டமும் ஒரே மாதிரி. மாறினாலும் கம்பெனி அனுப்பிய மென்பொருளால் மாறியிருக்கும். உரிமையாளர் செய்ததற்கும் சீட்டில் வந்ததற்கும் தொடர்பு கிடையாது.

இன்னொரு பக்கம் பாதைகளே குறைந்துவருகின்றன. ஜார்ஜியாவில் அட்லாண்டா பாதை 2021இல் மூடப்பட்டது. டெக்ஸாஸில் ஹூஸ்டன் பாதையும் கொலராடோவில் பாண்டிமியரும் 2023இல். நிலத்தின் விலை அப்படி. ஒரே காரை வருடக்கணக்கில் ஒப்பிட அதே பாதை வேண்டும்; அதே தார், அதே சரிவு, அதே கடிகாரம். ஒயிட் ஜாம்பியின் சீட்டுகளை வழங்கிய போர்ட்லண்ட் பாதை தப்பித்திருப்பதற்குக் காரணம் அது மாநகராட்சியின் சொத்து என்பது. அதற்குப் பின்னால் ஒரு சோகம் உண்டு. அங்கே இருந்தது வான்போர்ட் என்ற போர்க் காலக் குடியிருப்பு நகரம். 1948 மே மாதம் கொலம்பியா நதியின் வெள்ளம் கரையை உடைத்துக்கொண்டு வந்து ஒரே நாளில் ஊரை அழித்தது. மறுபடி வீடு கட்ட யாரும் துணியவில்லை. எஞ்சியிருந்த தெருக்களில்தான் 1961இல் கார்கள் பந்தயம் ஓடத் தொடங்கின.