சேம அச்சு

உழவுக்கும் மருத்துவத்துக்கும் கல்லூரி உண்டு என்றால் வியவாத நம் மக்கள், சுமை கொண்டு செல்வதற்கும் ஒரு மேற்படிப்பு உண்டு என்றால் நகைக்கின்றனர். "வண்டி ஓட்டவும் மூட்டை ஏற்றவும் பட்டம் எதற்கு?" என்பது அவர்தம் வினா. சில ஆண்டுகட்கு முன்னர் யானும் அவர்களுள் ஒருவனாகவே இருந்தேன். என் எண்ணம் மாறிய வரலாற்றையும், அதற்குரிய காரணங்களையும் மாணவர்களாகிய உங்கட்குக் கூறுதல் பயன் தரும் எனக் கருதுகின்றேன்.

அரியலூருக்கு அணித்தே உள்ள ஒரு சிற்றூரிலிருந்து வந்து என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன், பொறியியற் பட்டம் பெற்றபின் என்னைக் காண வந்தான். அவன் தந்தையார் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியின் ஓட்டுநர். போக்குவரத்துப் பொறியியலில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்புப் படிக்கத் தான் விரும்புவதாகவும், தந்தையார் அதற்கு இசையவில்லை என்றும் அவன் கூறினான். "தம்பி, உன் தந்தையார் சொல்வதே முறை. இந்த இரண்டாண்டில் ஓர் அரசுப் பணியைத் தேடிக்கொள்" என்றேன் யான். அவன் சிறிது நேரம் வாளா இருந்தான். பின்னர், "ஐயா, தாங்கள் எங்களுக்குச் சேம அச்சுப் பாடம் நடத்தியது நினைவில் இருக்கிறதா?" என்று கேட்டான்.

புறநானூற்றில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடுமிடத்து உப்பு வாணிகராகிய உமணரை நினைக்கின்றார். எருதுகளோ நுகம் பழகாத இளையவை. வண்டியிலோ பண்டம் மிகுதி. வழியில் பள்ளமும் உண்டு, மேடும் உண்டு. எந்த இடத்தில் என்ன நேரும் என்பதை யார் அறிவார்? ஆகவே உமணர் வண்டியின் அடியில் வேறோர் அச்சினையும் கட்டிக்கொண்டு புறப்பட்டனர். அதுவே சேம அச்சு. முறிந்தபின் அழுவதற்கு மாறாக, முறியுமுன் எண்ணுவது அது. இப்பாட்டை யான் உவமை நயத்துக்காக மட்டுமே கற்பித்தேன். அவனோ அதனைத் தொழிலறிவாகவும் கற்றிருந்தான். கற்பித்தவன் காணாததைக் கற்றவன் கண்டான் என்று அன்று நாணினேன், மகிழ்ந்தும் போனேன்.

சேம அச்சு இல்லாமையால் நேரும் கேட்டினை அரியலூர் மண் நன்கு அறியும். 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23ஆம் நாள் விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவுப் புகைவண்டி, அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில் வீழ்ந்தது. பெருமழையால் ஆறு பெருகிப் பாலத்தை வலுவிழக்கச் செய்திருந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். அப்பெருந்தகையின் நேர்மையை நாடு இன்றும் போற்றுகின்றது, போற்றத்தான் வேண்டும். ஆயினும் அமைச்சர் பதவி துறப்பதால் மாண்டவர் மீளார். ஓர் ஆறு பெருகுங்கால் எவ்வளவு நீர் வரும், அந்நீர் கரையை எவ்வாறு அரிக்கும், ஐயம் எழுந்தவுடன் வண்டியை எவ்வாறு நிறுத்துவது என்பவற்றை முன்னரே கணக்கிடும் அறிவே உயிரைக் காக்கும்.

அதே 1956ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் நெவார்க்குத் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. மால்கம் மெக்லீன் என்னும் லாரித் தொழிலதிபர், மூட்டைகளைத் தனித்தனியே ஏற்றாமல் 58 உலோகப் பெட்டிகளில் அடைத்து அக்கப்பலில் அனுப்பினார். இன்று உலகெங்கும் செல்லும் கொள்கலன் வாணிகம் அதனால் வளர்ந்தது. பெட்டி பெரிய விந்தையன்று. லாரியிலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து புகைவண்டிக்கும் சரக்கினைப் பிரிக்காமலே மாற்றலாம் என்ற எண்ணமே விந்தை. லாஜிஸ்டிக்ஸ் என வழங்கும் சரக்கு மேலாண்மையின் உயிர்நிலை இவ்வெண்ணமே.

இனி, இப்படிப்பில் என்னதான் கற்பிக்கின்றனர்? ஓர் எளிய கணக்கால் விளக்குவேன். ஒரே நேர்சாலையில் இரண்டு சுரங்கங்களும் இரண்டு ஆலைகளும் உள்ளன எனக் கொள்க. முதற்சுரங்கத்திலிருந்து முதல் ஆலை 4 கிலோமீட்டர். இரண்டாம் ஆலை 10 கிலோமீட்டர். இரண்டாம் சுரங்கத்திலிருந்து முதல் ஆலை 6 கிலோமீட்டர். இரண்டாம் ஆலை 20 கிலோமீட்டர். ஒவ்வொரு சுரங்கத்திலும் நாள்தோறும் 100 லாரிச் சுமை கல் உண்டு. ஒவ்வோர் ஆலைக்கும் 100 சுமை தேவை. மிக அருகில் இருப்பதை முதலில் இணைப்போம் என்று நாம் எண்ணுவோம். அப்படியாயின் முதற்சுரங்கக் கல் முதல் ஆலைக்கும், எஞ்சியது இரண்டாம் ஆலைக்கும் செல்லும். சுமையோடு ஓடும் தொலைவு 2400 கிலோமீட்டர். மாற்றி அனுப்பினாலோ 1600 கிலோமீட்டரே ஆகும். அருகில் உள்ளதை விடுத்து அகல நோக்கியதால் 800 கிலோமீட்டர் மிஞ்சுகின்றது. வெறும் வண்டியாகத் திரும்பும் தொலைவையும் கூட்டினால் அது இருமடங்காகும். நாள்தோறும் அத்துணைத் தூரம் ஊர்வழியே புழுதி எழுப்பிக்கொண்டு லாரிகள் ஓட வேண்டுவதில்லை.

சுரங்கங்கள் நூறாகவும் ஆலைகள் ஐம்பதாகவும் பெருகினால் மனக்கணக்கு உதவாது. அதற்கெனத் தனிக் கணிதம் வேண்டும். அக்கணிதத்தை வளர்த்த உருசிய அறிஞர் கண்டொரோவிச்சும், போர்க்காலத்தில் சரக்குக் கப்பல்கள் வெறுமையாகத் திரும்புவதைக் குறைக்க ஆராய்ந்த கூப்மன்சும் 1975இல் பொருளியலுக்கான நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்டனர். மூட்டை சுமக்கும் கணக்குக்கு நோபல் பரிசா என்று இனி யாரும் நகையார்.

அரியலூர்ப் பகுதி பல கோடி ஆண்டுகட்கு முன் கடலாக இருந்தது. அக்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று அங்குள்ள சிமெண்டு ஆலைகட்கு உணவு. அரசின் தமிழ்நாடு சிமெண்டுக் கழக ஆலை 1979இல் அங்கே எழுந்தது. தனியார் ஆலைகளும் பல உள. ஆலையால் வேலை வந்தது. உடன் லாரியும் வந்தது. மயிலின் இறகே ஆனாலும் ஏற்றுவதற்கு ஓர் எல்லை உண்டு என்று வள்ளுவர் எச்சரித்தார்; கல்லுக்கு எல்லை வேண்டாவோ? 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனை ஒன்று, அச்சின்மேல் ஏறும் சுமை இருமடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகும் என்று காட்டியது. ஒருவர் ஏற்றும் மிகைச்சுமையின் விலையை, அச்சாலையில் சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் கொடுக்கின்றனர்.

பெரம்பலூரின் நிலை வேறு. சென்னை - திருச்சி நெடுஞ்சாலை அவ்வூர் வழியே செல்கின்றது. மாவட்டத் தலைநகராக இருந்தும் இருப்புப்பாதை அங்கு இல்லை. ஆதலின் அங்கு விளையும் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் சாலையையே நம்பியுள்ளன. உழவர் வெங்காயத்தைக் காற்றோட்டமுள்ள பட்டறை அமைத்துக் காக்கின்றனர், விலைக்காகக் காத்திருக்கின்றனர். காத்திருக்கும் நாள் நீண்டால் வெங்காயம் அழுகும். விரைந்து விற்றால் விலை அழுகும். எந்நாளில், எச்சந்தைக்கு, எவ்வளவு அனுப்புவது என்பதை ஆய்ந்து கூறவல்லார் உழவர்க்கு உற்ற துணைவர் ஆவர்.

இக்கல்வி தொலைவிலும் இல்லை. திருச்சிராப்பள்ளியில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்திலும், சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும், அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டிக் கல்லூரியிலும் போக்குவரத்துப் பொறியியல் முதுநிலைப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. பொறியியற் பட்டத்தின்பின் கேட் என்னும் நுழைவுத்தேர்வை எழுதிச் சேரலாம். போக்குவரத்துக்கென்றே வடோதராவில் கதி சக்தி பல்கலைக்கழகம் 2022இல் மத்தியப் பல்கலைக்கழகமாக அமைந்தது.

"இதைப் படித்தவர் நம்மூரிலா இருப்பர்? வெளியூர்க்கு அன்றோ செல்வர்?" என்று சிலர் தடை எழுப்புவர். அத்தடையில் உண்மை உண்டு. அன்று அவன் தந்தையாரிடம் யானே சென்று பேசி இசைவு பெற்றுத் தந்தேன். அவன் படித்துத் தேறினான். இன்று தொலைவில் ஒரு துறைமுகத்தில் பணி செய்கின்றான். அது குறித்து எனக்குச் சிறிது வருத்தமே. ஆனால் குறை அவனிடத்து இல்லை. நம் சாலைகளைத் திட்டமிடுமிடத்தும், நம் விளைபொருளை அனுப்புமிடத்தும் இத்தகைய கல்வியாளர்க்கு நாம் இடம் வைக்கவில்லை. இடம் வைத்தால் வருவர். கேட்க ஆளிருந்தால் அன்றோ சொல்வோர் வருவர்?

மற்றொன்றும் கூறுவேன். கணக்கு மட்டும் கற்றவன் லாரியை எண்ணுவான். சாலையோரத்து மனிதனை எண்ண மறப்பான். தொலைவையும் பொழுதையும் பொருட்செலவையும் குறைப்பது அறிவு. அவற்றினும் முன்னதாக உயிரிழப்பைக் குறைக்க எண்ணுவது அறம். இரண்டும் கூடிய கல்வியே கல்வி.

மாணவர்களே! இப்படிப்பின் முதற்பாடத்தை நீங்கள் இன்றே தொடங்கலாம். மாலையில் உங்கள் ஊர் நாற்சந்தியில் பாதுகாப்பான ஓரிடத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். எத்தனை லாரி, எத்தனை பேருந்து, எத்தனை சைக்கிள், நடந்து சாலையைக் கடப்போர் எத்தனைபேர் என எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பொறியாளரும் அவ்வாறே தொடங்குகின்றனர். எண்ணி முடித்தபின், இவ்வண்டிகளுள் சேம அச்சு எதற்கு உண்டு என்று சிந்தியுங்கள். அச்சிந்தனை உங்களுள் ஒருவர்க்கேனும் உறக்கம் வாராமல் செய்யுமாயின், எதிர்வரும் வெள்ளத்தில் ஒரு பாலம் நிலைத்து நிற்கும்.