நொண்டும் நாய்க்கு நம் மாத்திரை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாதம் வீங்கி நொண்டும் நாயைக் கண்டால், வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைப் பாலில் கரைத்துக் கொடுப்பவர்கள் எங்கள் பகுதியில் பலர். இரக்கத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த மாத்திரை நாயின் கல்லீரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். இபுப்ரோஃபென் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் செயலிழக்கச் செய்யும். உயிரே போகலாம்.

முதலில் விரல் இடுக்குகளைப் பாருங்கள். கருவேல முள், கண்ணாடித் துண்டு, உண்ணி, பிளந்த நகம், கோடையில் தார்ச்சாலை சுட்ட கொப்புளம் என்று ஏதாவது தென்படக்கூடும். வலியில் வளர்த்த நாயும் கடிக்கும், கவனம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான உப்பு நீரில் கழுவி ஈரம் போகத் துடைக்கலாம். ஆழமாக இறங்கியதைத் தோண்ட வேண்டாம். துணியை இறுக்கிக் கட்டினால் வீக்கம் இன்னும் ஏறும். கால் மளமளவென்று வீங்கி நாய் சோர்ந்தால் பாம்புக்கடியாக இருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. காலை ஊன்றவே முடியாவிட்டாலும், நொண்டல் மறுநாளும் தொடர்ந்தாலும் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நாய்க்கு என்று வலி மாத்திரை கேட்டால் கொடுக்காதீர்கள். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கு வழி சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மன்னார்குடி