ராத்திரி அரிப்பா? கத்திரிக்காய் மேல் பழி போடாதீங்க!

பகலெல்லாம் ஓடியாடும் பையன், விளக்கை அணைத்துப் படுத்ததும் சொறிய ஆரம்பிக்கிறான். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி... விடிய விடியத் தூக்கம் இல்லை!

"உடம்புச் சூடு" என்கிறார் அப்பா. "கத்திரிக்காயும் கருவாடும் தின்னா அரிக்காம என்ன செய்யும்?" என்கிறார் பாட்டி. அம்மா தெருமுனைக் கடையில் ஏதோ ஒரு டியூப் வாங்கி வருகிறார். ஸ்டீராய்டு கலந்த களிம்பு. தடவினால் நாலு நாள் அடங்குகிறது. பூச்சி சாகவில்லை; அடையாளம்தான் மறைகிறது. டாக்டரே தடுமாறிப் போவார்!

ஆமாம், பூச்சி! கத்திரிக்காய் நிரபராதி. இது சிரங்கு. அரை மில்லி மீட்டர்கூட இல்லாத பெண் பூச்சி, மேல்தோலைக் குடைந்து முட்டையிடுகிறது. இத்தாலியில் போனோமோ, செஸ்டோனி என்ற இருவர் 1687-லேயே இதைக் கண்டு சொல்லிவிட்டார்கள். இங்கே இன்னும் "ரத்தம் கெட்டுப்போச்சு" பேச்சு ஓயவில்லை.

சின்னச் சின்னக் கொப்புளம், பென்சிலால் கீறியது போல மெல்லிய கோடு - இவைதான் அடையாளம். பெரியவர்களுக்கு முகத்தில் வருவது அபூர்வம். கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலையில்கூட வரும். எல்லாவற்றையும்விடப் பெரிய துப்பு, வீட்டில் இன்னொருவரும் ராத்திரியில் சொறிவது!

கண்ணுக்குத் தெரியாத ஆறு வாரம்

முதல் தடவை தொற்றினால் அரிப்பு தொடங்க 4 முதல் 6 வாரம்கூட ஆகும். அதுவரை சொறியாத அண்ணனும் மற்றவர்களுக்குப் பரப்புவான். அதனால் பையனுக்கு மட்டும் மருந்து போடுவது வீண் செலவு. வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில் போட வேண்டும். டாக்டர்கள் பெரும்பாலும் தருவது 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு. கழுத்து முதல் உள்ளங்கால் வரை, நகத்தடி உள்பட தடவி, 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்டே போட வேண்டும். போர்வை, துணிகளை வெந்நீரில் அலச வேண்டும்.

"பக்கத்து வீட்டுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்" என்று மூடி மறைப்பதுதான் பூச்சிக்குக் கொண்டாட்டம். இது அழுக்கால் வருவதல்ல. தினம் இரு வேளை குளிப்பவருக்கும் வரும். ஒரே பாயில் நாலு பேர் படுக்கும் ஒண்டுக் குடித்தனத்திலும், ஹாஸ்டலிலும் சீக்கிரம் பரவும். அவ்வளவுதான். பையனை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மற்ற பெற்றோருக்கு மூச்சு விடாத பள்ளிக்கூடங்கள் செய்வதும் இதே தப்புதான்.

சொறிந்த புண்ணில் சீழ் வைத்தால் சும்மா இருக்கக் கூடாது. அந்தக் கிருமியால் சில குழந்தைகளுக்குச் சிறுநீரகமே பாதிக்கும். முகம் வீங்கினாலோ, சிறுநீர் கறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மருந்து போட்ட பிறகும் சில வாரம் அரிக்கும். பூச்சி செத்தாலும் தோலின் கோபம் தணிய நாளாகும். அதற்காக தினமும் களிம்பை அப்பிக்கொள்ள வேண்டாம். 4 வாரம் தாண்டியும் நிற்கவில்லையா? மறுபடி டாக்டரிடம் போகணும், வீட்டோடு!