பெருநாள் அட்டை வீண்விரயமா?



சென்ற ரமலானின் கடைசிப் பத்தில், எங்கள் தெருச் சிறுமியர் ஏழெட்டுப் பேர் அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பெருநாள் வாழ்த்து அட்டைகள் செய்துகொண்டிருந்தனர். அவ்வழியே சென்ற பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். மார்க்க அறிவும் ஊர் மதிப்பும் உடையவர். எனக்கு நன்னா முறை. "குர்ஆன் ஓத வேண்டிய நேரத்தில் காகிதம் வெட்டுகிறார்களே. இது வீண்விரயம். போதாததற்குக் கிறிஸ்தவர்களின் வழக்கம்" என்றார். பிள்ளைகள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டனர்.

அவருக்கு நான் அங்கேயே விடை கூறவில்லை. வயதில் மூத்தவர், நோன்பாளி. இப்போது கூறுகிறேன். அவருக்கு மட்டுமன்று, அவர் சொன்னதைக் கேட்டுத் தலையசைத்தவர்களுக்கும். அதற்கு முந்திய ஆண்டு வரை அவ்வாறே தலையசைத்திருக்கக்கூடிய எனக்கும்.

முதலில் வீண்விரயம். விரயம் செய்வோரை ஷைத்தான்களின் சகோதரர்கள் என்று இறைமறை கண்டிப்பதை நாம் அனைவரும் அறிவோம். அந்தக் கண்டனத்தை எங்கே எடுத்துச் செல்கிறோம் என்பதே என் கேள்வி. நம் வீட்டு நிக்காஹ் அழைப்பிதழ்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வெல்வெட் ஒட்டிய பெட்டி, அதனுள் மினுக்கும் உறை, உறைக்குள் மூன்று அட்டைகள், கூடவே ஒரு சிறு புட்டியில் அத்தர். ஐந்நூறு வீடுகளுக்கு அது செல்கிறது; தேதியைப் பார்த்துவிட்டுப் பரண்மேல் போடுகிறோம். அதை எவரும் தெருவில் நின்று வீண்விரயம் என்று கண்டிக்கக் கேட்டதில்லை. பதின்மூன்று வயதுச் சிறுமி பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தை வெட்டும்போது மட்டும் நமக்கு அந்த வசனம் நினைவுக்கு வருகிறது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள ஒரு ஏ4 தாளின் எடை ஏறத்தாழ 19 கிராம். அதைக் குறுக்கே இரண்டாக வெட்டி மடித்தால் இரண்டு அட்டைகள். மேலே ஒட்டும் அடுக்குகளுக்கு வீட்டில் கிடக்கும் துண்டுத் தாள்களே போதும். அச்சுக்கு ஓர் அழிப்பான்; மைக்கு அலுவலகங்களில் ரப்பர் ஸ்டாம்பு தொட்டு வைக்கும் அதே ஸ்டாம்ப் பேட். எங்கள் திண்ணையில் அன்று செலவானதைக் கூட்டினால், ஓர் இஃப்தாருக்கு வாங்கும் வடை, பஜ்ஜியின் விலை வராது.

அடுத்து, பிற மதத்தவரின் வழக்கம் என்ற குற்றச்சாட்டு. வரலாற்றை மறைக்க வேண்டியதில்லை. அச்சிட்ட வாழ்த்து அட்டை 1843 இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பவர் கிறிஸ்துமஸுக்காக வரையச் செய்ததிலிருந்து பரவியதே. ரயிலும் மலிவான தபாலும் பெருகிய காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இந்திய முஸ்லிம்களும் ஈத் அட்டைகளை அனுப்பத் தொடங்கினர். ஆகவே வழக்கம் வெளியிலிருந்து வந்தது என்பது மெய்.

ஆனால் முத்திரை எங்கிருந்து வந்தது? நபி (ஸல்) அவர்கள் அயல்நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் படிக்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. அதன்பின் வெள்ளி மோதிரம் ஒன்று செய்து அதில் முத்திரை பொறிக்கப்பட்டதை அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாக புகாரியில் காண்கிறோம். ரோமர்களிடையே இருந்த வழக்கம் அது. கடிதம் பெறுபவர் அதை மதித்துத் திறக்க வேண்டும் என்பதற்காக அந்த வழக்கம் கைக்கொள்ளப்பட்டது. அம்மோதிரம் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரின் கைகளில் இருந்து, உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் அரீஸ் கிணற்றில் விழுந்து மறைந்தது. அட்டை அனுப்புவது சுன்னத் என்று இதைக்கொண்டு நான் வாதிடவில்லை. அப்படி எவரேனும் வாதிட்டால் அவரையும் மறுப்பேன். அட்டை ஒரு கருவி; வணக்கமன்று. கருவி எவரிடமிருந்து வந்தது என்பதைவிட அதனால் என்ன செய்கிறோம் என்பதையே கேட்க வேண்டும்.

அச்சுக்கலையும் நமக்கு அந்நியமன்று. ஐரோப்பாவில் கூட்டன்பர்க் அச்சு வருவதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே எகிப்தில் அரபு எழுத்துகளைக் கட்டையில் செதுக்கிக் காகிதத்தில் ஒற்றியிருக்கிறார்கள். எஞ்சிய துண்டுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தாயத்துகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பயனை நான் பரிந்துரைக்கவில்லை.

இனி, நான் தலையசைப்பதை நிறுத்திய காரணத்துக்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று பலநாள் தயங்கினேன்.

என் பெரியம்மா மகள் எனக்கு அக்கா. அவளுடைய கணவர், என் மச்சான், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ரமலான் பதினொன்றாம் நாள் வஃபாத்தானார். மய்யித் வீட்டில் மூன்று நாளும் அக்காவின் அருகில் அமர்ந்திருந்தேன். அவளுக்கு நோன்பு திறக்க கஞ்சி எடுத்துக் கொடுத்ததும் நான்தான். இருபது நாள்கூட ஆகவில்லை, பெருநாள் வந்தது. பிறை அறிவிப்பு வந்ததும் என் செல்பேசியில் இருந்த பட்டியல் முழுவதற்கும் ஒரே தட்டில் ஒரு படத்தை அனுப்பினேன். பொன்னிறப் பிறை, வாண வேடிக்கை. கணவன், மனைவி, மக்களோடு மகிழ்ந்திருக்க வாழ்த்தும் வரிகள். பட்டியலில் அக்காவின் எண்ணும் இருந்தது.

இத்தா இருந்த அவள் அதற்கு ஒரே சொல்லில் விடை அனுப்பியிருந்தாள்: ஆமீன். அந்த விடையையும் நான் மூன்று நாள் கழித்தே பார்த்தேன். அன்று வந்த இருநூற்றுச் சொச்சம் படங்களுக்கு அடியில் அது கிடந்தது.

நான் கல்நெஞ்சக்காரியல்ல. அவளை மறந்தவளுமல்ல. அவளை நினைக்க வேண்டிய தேவையே இல்லாத ஒரு முறையில் அவளுக்கு வாழ்த்து அனுப்பினேன், அவ்வளவுதான். ஒருவர் வாழ்த்தினால் அதைவிடச் சிறப்பாகவோ, குறைந்தது அதற்கு ஈடாகவோ பதில் வாழ்த்துக் கூறுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 86 ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது. ஒரு படத்துக்கு ஈடாக இன்னொரு படத்தைத் தள்ளிவிட்டு அந்தப் பணியை முடித்ததாக எண்ணுகிறோம். ஸஹாபாக்கள் பெருநாளில் சந்தித்தபோது, எங்களிடமிருந்தும் உங்களிடமிருந்தும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக என்று கூறிக்கொண்டதாக அறிகிறோம். அதைச் சொல்ல எதிரே ஒரு முகம் இருந்தது.

செல்பேசியை நான் பழிக்கவில்லை. வளைகுடாவில் இருக்கும் மகனின் குரலைப் பெருநாள் காலையில் கேட்கும் தாய்க்கு அது நிஃமத். நான் பழிப்பது ஒரே தட்டில் ஊருக்கெல்லாம் செல்லும் அந்த வாழ்த்தை மட்டுமே.

அவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு, அக்காவின் இத்தா முடியுமுன், என் மகள் தன் பெரியம்மாவுக்கு ஓர் அட்டை செய்ய வேண்டும் என்றாள். தங்கத் தூளும் சிவப்புத் தாளும் எடுத்தவள் தானாகவே அவற்றை வைத்துவிட்டுச் சாம்பல் நிறத் தாளை எடுத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டாள்: "அம்மா, பெரியம்மாவுக்கு முபாரக்னு போடலாமா?"

முந்திய பெருநாளில் நான் கேட்கத் தவறியது இந்தக் கேள்வியைத்தான்.

"ஸலாம்" என்று மட்டும் போடுவதென முடிவாயிற்று. அழிப்பானில் அந்த எழுத்துகளைச் செதுக்கினாள். ஒற்றிப் பார்த்தால் எல்லாம் இடவலம் மாறி விழுந்தன. அச்சில் எழுத்து தலைகீழாக இருந்தால்தான் தாளில் நேராக விழும் என்பதை அதன்பின்பே இருவரும் உணர்ந்தோம். மெல்லிய தாளில் மென்மையான பென்சிலால் எழுதி, எழுத்துள்ள பக்கத்தை அழிப்பான்மேல் கவிழ்த்து, கரண்டியின் பின்புறத்தால் தேய்த்தால் அந்த எழுத்து மாறிய வடிவிலேயே பதிந்துவிடும்; அதைச் சுற்றிச் செதுக்கினால் போதும். இதைக் கண்டறிவதற்குள் இரண்டு அழிப்பான்கள் போயின. ஒற்றும்போது அச்சை ஆட்டக் கூடாது. நேராக வைத்து, உள்ளங்கையால் சீராக அழுத்தி, நேராகவே எடுக்க வேண்டும். ஐந்து முறை ஒற்றியதில் இரண்டு தேறின.

இங்கேதான் அடுக்கு முறையின் அருமை தெரிகிறது. அட்டையின்மேல் நேரடியாக ஒற்றினால் ஒரு பிழைக்கு முழு அட்டையும் வீண். தனித் துண்டுகளில் ஒற்றி, தேறியதை மட்டும் எடுத்து, நாற்புறமும் மூன்று மில்லிமீட்டர் ஓரம் தெரியும்படி சற்றுப் பெரிய வேறு நிறத் தாளில் ஒட்டி, அதன்பின் அட்டையில் ஒட்டினால் வீணாவது சிறு துண்டே. விரயத்தைப் பற்றிக் கவலைப்படுவோர் இதைக் கவனிக்க. ஒரே அளவுள்ள இரு சதுரங்களில் ஒன்றைச் சாய்த்து மற்றதன்மேல் வைத்தால், நம் பள்ளிவாசல் சுவர்களிலும் முஸ்ஹஃபின் ஓரங்களிலும் காணும் எட்டு முனை நட்சத்திரம் கிடைக்கிறது. உருவப்படமும் இல்லை, ஐயமும் இல்லை. இரண்டுக்கும் இடையே பழைய அட்டைப்பெட்டியின் துண்டை வைத்தாள். நட்சத்திரம் தாளைவிட்டு எழுந்து நின்றது. கனத்த தாளை அப்படியே மடித்தால் மடிப்பில் வெடிக்கும். மை தீர்ந்த பேனாவால் முன்கூட்டியே கோடு அழுத்திக்கொண்டாள். பசை ஈரத்தில் தாள் சுருளாதிருக்க இரவு முழுவதும் கனமான நூலின் அடியில் வைக்க வேண்டும். அவளுடைய கணிதப் பாடநூலுக்கு அன்றுதான் ஒரு நல்ல வேலை கிடைத்தது.

உள்ளே மச்சானின் மஃபிரத்துக்காக ஒரு வரி துஆ. கீழே, "பெருநாளன்று அஸருக்குப் பின் வருவோம். சமைக்க வேண்டாம், கொண்டுவருகிறோம்" என்று எழுதினாள். எழுதிவிட்டதால் போகவும் வேண்டியதாயிற்று.

அக்கா அட்டையை நெடுநேரம் கையில் வைத்திருந்தாள். 'லா' ஏன் கோணலாக இருக்கிறது என்று என் மகளிடம் கேட்டாள். அன்று மஃரிப் வரை மச்சானைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவர் மறைந்தபின் அந்த வீட்டில் அப்படிப் பேசியது அதுவே முதல் முறை. புறப்படும்போது அக்கா மெல்லக் கேட்டாள்: "நோன்புப் பெருநாளைக்கு வந்த படம் நீ அனுப்புனதுதானா? இல்ல, உன் போன்ல வேற யாராச்சும் அனுப்பினாங்களா?"

நான்தான் என்றேன்.

அட்டை செய்வோரையும் நான் முழுமையாக ஆதரிப்பதாக எண்ண வேண்டாம். எங்கள் பக்கத்திலும் பிழைகள் உண்டு. அல்லாஹ்வின் திருநாமத்தையும் இறைவசனங்களையும் அட்டைகளில் ஒற்றுகிறார்கள். அந்த அட்டை ஓராண்டில் எங்கே போகும்? பழைய தாள் கடைக்கும் குப்பைத் தொட்டிக்கும் போகக்கூடிய ஒன்றில் இறைவசனத்தை ஒற்றுவது பக்தியன்று, கவனக்குறைவு. பூவும் நட்சத்திரமும் "பெருநாள் வாழ்த்து" என்ற இரண்டு சொற்களும் போதும்.

இன்னொன்று, ஆயத்தத் தொகுப்புகள். எல்லாம் வெட்டி, எல்லாம் அச்சிட்டு, பெயர் எழுத மட்டும் இடம் விட்டு விற்கிறார்கள். இருபது அட்டைகளும் ஒன்றுபோலவே இருக்கும். அனுப்பும் படத்தைக் காகிதத்தில் செய்துகொள்ள இவ்வளவு பணம் எதற்கு? வெட்டும் இயந்திரம், நாற்பது நிற மை, பெட்டி பெட்டியாக ஒட்டுப்படங்கள் என்று வாங்கிக் குவித்து, அட்டை மட்டும் செய்யாத வீடுகளையும் அறிவேன். அங்கே அந்தப் பெரியவரின் கண்டனம் பொருந்தும். நானும் உடன் நிற்பேன். உறவினருக்குச் சேருமுன் இணையத்தில் ஊரார் பார்வைக்குச் சேர்ந்துவிடும் அட்டைகளைப் பற்றி என்ன சொல்ல! யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை அந்தப் படத்தின் கீழுள்ள விருப்பக்குறிகளே சொல்லும்.

நேரத்தைப் பற்றிய அவருடைய சொல்லில் ஒரு நியாயம் உண்டு. கடைசிப் பத்தின் மாலைகளை இதற்குக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே இனி ஷஅபானிலேயே செய்து முடிப்பதென்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் துல்கஅதாவில்.

செல்பேசியில் இருந்த அந்தப் பட்டியலை நீக்கிவிட்டேன். நூற்று நாற்பது பெயர்கள் இருந்தன. சிலர் யாரென்றே தெரியவில்லை, இருவர் வஃபாத்தாகிவிட்டவர்கள். என்னாலும் என் மகளாலும் ஒரு பெருநாளுக்கு ஒழுங்காகச் செய்ய முடிவது ஆறு அட்டைகள். அந்த ஆறு பேர் யார் என்று முடிவு செய்ய எங்கள் வீட்டில் இரண்டு இரவுகள் பிடித்தன. ஆறாவது உறையில் அந்தப் பெரியவரின் பெயரை எழுதியிருக்கிறாள்.