இடிப்பதற்கா இன்ஜினியரிங்?



மும்பை என்றதும் தாஜ் ஓட்டலும் கேட்வேயும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் டிப்ளமோ படிக்கிற நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டடம் ஒன்று அங்கே காலாகோடா பகுதியில் இருக்கிறது. அன்று அதன் பெயர் வாட்சன் ஓட்டல். பின்னாளில் எஸ்பிளனேட் மேன்ஷன்.

விக்டோரியா மகாராணி காலத்தில் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ் என்ற ஆங்கில இன்ஜினியர் வடிவமைத்தது. இரும்புப் பாகங்களை இங்கிலாந்தில் செய்து, கப்பலில் கொண்டுவந்து, 1867-69-ல் இங்கே பூட்டி நிறுத்தினார்கள். இன்று நாம் பெருமையடிக்கும் 'ப்ரீஃபேப்ரிகேஷன்' அன்றைக்கே நடந்தாச்சு! லூமியேர் சகோதரர்களின் சினிமா இந்தியாவில் முதன்முதலாக ஓடியதும் இந்த ஓட்டலில்தான், 1896 ஜூலை 7-ல்.

வார்ப்பிரும்பு கம்ப்ரஷனை அசராமல் தாங்கும். டென்ஷன் மட்டும் ஆகாது, பரீட்சை நேரத்து நம்மைப் போல! வளையாமல், சொல்லாமல் கொள்ளாமல் முறியும். அதனால்தான் அந்தக் காலத்து இன்ஜினியர்கள் தூணுக்கு வார்ப்பிரும்பு, உத்தரத்துக்குத் தேனிரும்பு என்று பிரித்து வைத்தார்கள். எந்தப் பொருளிடம் எந்த வேலை வாங்கணும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2005-ல் பால்கனியின் ஒரு பகுதி இடிந்து விழுந்து ஓர் உயிர் போனது. இடிப்பதே நல்லது என்றது 2019-ல் ஐ.ஐ.டி. பம்பாயின் ஆய்வறிக்கை. மரபுக் கட்டட வல்லுநர்கள் மறுத்தார்கள்.

"பழசாயிடுச்சு, இடிச்சுத் தள்ளுப்பா!" என்பார்கள் நம்மாளுங்க. பயம் நியாயமானதே. உயிரைவிடக் கட்டடம் பெரிதல்ல. முதலில் ஆட்களை வெளியேற்று, முட்டுக் கொடு. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அடுத்த கேள்வி 'இடிக்கலாமா?' என்பதல்ல, 'எந்தத் தூண் தேறும், எது தேறாது?' என்பதே. பாகம் பாகமாகப் பூட்டியதைப் பாகம் பாகமாகப் பழுது பார்க்கவும் முடியும். ஒரு தூண் கெட்டால் மாற்றுத் தூண் வார்த்துக்கொள்ளலாம். கான்கிரீட்டில் இந்த வசதி ஏது?

அந்தக் கட்டடத்தைச் சாய்க்கப் பார்த்தது வயதல்ல, பராமரிப்பில்லாத அலட்சியம். துருவைச் சுரண்டுவதும், ஒழுகலை அடைப்பதும், விரிசலை அளந்து குறிப்பதும் யார் வேலை? சைட்டில் நிற்கப்போகிற நம் வேலை! ஆனால் கட்டுவதைப் படிக்கிற அளவுக்குக் காப்பதை நாம் படிப்பதில்லை.

புதிதாய்க் கட்டுகிறவனுக்குத் திறப்புவிழாவில் மாலை. காப்பாற்றுகிறவனுக்கு மாலை கிடையாது. பரவாயில்லை, அவனாலும் கட்டடம் நிற்கிறது. நம் ஊரிலும் பழைய பாலமும், பழைய மில்லும் காத்திருக்கின்றன. கடப்பாரையைத் தூக்குமுன் டேப்பை எடுப்போமா, தோழர்களே?