மூணு டேப்லெட்டும் ஒரு மிருதங்கமும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதனால இந்தப் பக்கம் வந்து கொஞ்ச நாளாச்சு. நடுவுல ஒரு கச்சேரி வேற பண்ணித் தொலைச்சோம். கச்சேரின்னதும் சபா, கேன்டீன்னு கற்பனை பண்ணிக்காதீங்க. எங்க அப்பார்ட்மெண்ட் பொங்கல் விழாதான். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, மேடைக்கு முன்னாடி ஓடிப்பிடிச்சு விளையாடுற வாண்டுங்க. அங்கே நான் பண்ண ஒரு தப்பு இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு. அதை எழுதிடலாம்னுதான் இந்தப் பதிவு. "டேப்லெட்டை எல்லாம் வயர் இல்லாம இணைச்சு மேடையில வாசிச்சா சரிப்படுமா?"ன்னு கேட்ட நண்பர்களுக்கு என் கருத்தும் இதிலேயே இருக்கு.

முதல்ல குழுவைச் சொல்லிடறேன். ஒரு ஐபேட்ல ட்ரம் லூப் ஓட்டுறது நான். இன்னொரு ஐபேட்ல பேஸ் வாசிக்கிறது என் நண்பன். அவன் தங்கச்சி கீபோர்டு. அவ பக்கத்துல இருக்கிற மூணாவது டேப்லெட்லேருந்துதான் எல்லார் காதுக்கும் கிளிக் சத்தம் போகும். பாட்டு, கீழ் வீட்டு அக்கா. மிருதங்கம், ரயில்வேல ரிட்டையர் ஆன மூணாவது மாடி சார். மூணு டேப்லெட்டும் ஒரே வேகத்துல ஓடணுமே? அதுக்குத்தான் ஏபிள்டன் லிங்க்.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்னக் கொசுவர்த்தி. 1983-ல மிடி வந்ததுலேருந்து, ரெண்டு கருவியை ஒண்ணா ஓட்டணும்னா மிடி கிளாக்தான். ஒரு கருவி தலைவர், மத்ததெல்லாம் பின்னாடி வரும். ஒவ்வொரு பீட்டுக்கும் தலைவர் 24 துடிப்பு அனுப்புவார். 120 வேகத்துல வாசிச்சா செகண்டுக்கு 48 துடிப்பு. வயர்ல இது ஜோரா போகும். இதையே வைஃபையில அனுப்பினா ஒரு துடிப்பு சீக்கிரம் வரும், இன்னொண்ணு லேட்டா வரும். அது வந்து சேர்ற நேரத்தை வெச்சுத்தான் மத்த கருவி வேகத்தைக் கணக்குப் பண்ணும்ங்கறதால தாளம் தள்ளாட ஆரம்பிச்சுடும். 2010-ல ஐபேட் வந்த புதுசுல நிறைய பேர் இதுல சூடு பட்டிருக்காங்க. 'வயர்லெஸ்ஸை நம்பாதே'ங்கற பேச்சும் அங்கேருந்து வந்ததுதான்.

2016-ல பொதுவுக்கு வந்த லிங்க் வேற வழியில போகுது. பக்கத்துல ஒருத்தர் கைதட்ட, நாம அதைக் கேட்டுத் தட்டறது மாதிரின்னு மிடி கிளாக்கைச் சொல்லலாம். லிங்க்ல எல்லாரும் முதல்லயே கடிகாரத்தை ஒப்பிட்டு வெச்சுக்கிட்டு, அப்புறம் அவங்கவங்க கடிகாரத்தைப் பார்த்துத் தட்டறாங்க. நடுவுல ஒரு சேதி கொஞ்சம் லேட்டானாலும் தாளம் ஆடாது. தாளத்தை இணைக்கப் பாட்டுச் சத்தம் எதுவும் வைஃபையில போக வேண்டியதில்லை. வேகம், பீட், சுழற்சியில எந்த இடம்ங்கற மாதிரி தகவல்தான் போகுது. இதுல தலைவரும் கிடையாது. யாரும் எப்போ வேணா சேரலாம், விலகலாம், வேகத்தை மாத்தலாம். நெட்வொர்க்கே அறுந்தாலும் பாட்டு நிக்காது. அவங்கவங்க கடைசியா இருந்த வேகத்துல ஓடிக்கிட்டே இருப்பாங்க. கொஞ்சம் கொஞ்சமா விலகறதுக்குள்ள பாட்டே முடிஞ்சுடும் :-)

ஆகவே வைஃபையைத் திட்டறதை நிறுத்தலாம்ங்கறது என் கட்சி. 'வேலை செய்யலை'ன்னு வர்ற புகார் பெரும்பாலும் மண்டபத்து வைஃபையில சேர்ந்ததால வர்றது. அந்த மாதிரி இடத்துல, விருந்தாளியோட போனை இன்னொரு விருந்தாளியோட போன் பார்க்க முடியாதபடி பூட்டி வெச்சிருப்பாங்க. பாதுகாப்புக்கு அது சரி. ஆனா டேப்லெட்டுங்க ஒண்ணை ஒண்ணு கண்டுபிடிக்கவே முடியாது. நாங்க பழைய ரூட்டர் ஒண்ணைத் தூசி தட்டி எடுத்துக்கிட்டுப் போய் மேடைக்குப் பக்கத்துலயே வெச்சோம். இன்டர்நெட் தேவையே இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ்ல எங்க மூணு டேப்லெட் மட்டும். பாஸ்வேர்டை எந்த வாண்டுக்கும் சொல்லலை. அப்புறம் ஐஓஎஸ் 14, அதாவது 2020-லேருந்து, உள்ளூர் நெட்வொர்க்கைப் பயன்படுத்தலாமான்னு ஒவ்வொரு ஆப்பும் ஒரு தடவை கேட்கும். அவசரத்துல 'வேண்டாம்'னு தட்டிட்டு அப்புறம் முழிக்கிறவங்க உண்டு. செட்டிங்ஸ்ல போய்த் திறந்து விடணும். காதுல மாட்டறது மட்டும் வயரோட இருக்கட்டும். ப்ளூடூத் இயர்போன்ல சத்தம் செகண்டுல பத்துல ஒரு பங்கு, சமயத்துல அதுக்கும் மேல, லேட்டா வரும். பாட்டுக் கேட்க ஓகே, வாசிக்க ஆகாது.

இவ்வளவையும் ஒழுங்காப் பண்ணியாச்சு. அன்னிக்கு வைஃபை ஒரு தடவை கூட அறுந்து போகலை. அப்புறம் எங்கே சொதப்பல்?

நாலாவது பாட்டு மிஸ்ர சாபு. ஏழு மாத்திரை. ஒரு மாத்திரைக்கு ஒரு பீட்டுன்னு வெச்சு, என் லூப்பும் நண்பனோட பேஸும் ஏழு பீட்டுக்கு அமைச்சிருந்தோம். நடுவுல பாட்டும் மிருதங்கமும் மட்டும் கொஞ்ச நேரம் போகும். ஒத்திகையில அந்த இடத்துல நாங்க ரெண்டு பேரும் மியூட் பண்ணிட்டு, அப்புறம் திறந்து விடுவோம். மேடையில ஏதோ ஒரு ஜோர்ல நான் ஸ்டாப்பை அழுத்திட்டேன். என்னைப் பார்த்து அவனும் அழுத்தினான்.

சரி, திரும்ப ப்ளே. ரெண்டும் சேர்ந்து கும்முன்னு வந்துச்சு. கிளிக்கோட கச்சிதமா ஒட்டுது. ஆனா சார் வாசிக்கறது வேற எங்கேயோ இருக்கு! பாடற அக்கா ஒரு நொடி தயங்கிட்டு, சத்தம் பெருசா இருந்த எங்க பக்கம் தாவிட்டாங்க. சார் மட்டும் தன் இடத்திலேயே நிக்கறார். நான் என்ன பண்ணேன் தெரியுமா? அவரைப் பார்த்து முறைச்சேன். 'பிடிங்க சார்'ங்கற மாதிரி கையை வேற ஆட்டினேன். அவர் கையை எடுத்துட்டு ஒரு ஆவர்த்தனம் சும்மா கேட்டார். அடுத்த ஆவர்த்தனத்துல எங்க சமத்துக்கு வந்து சேர்ந்துட்டார். முன் வரிசையில அவர் பேத்தி உட்கார்ந்திருந்தா.

முடிஞ்சதும் சங்கச் செயலாளர் வந்து, "சார் நடுவுல கொஞ்சம் தடுமாறிட்டார் போல"ன்னார். நான் சிரிச்சு வெச்சேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லலை.

ரெண்டு நாள் கழிச்சு ரெக்கார்டிங்கைப் போட்டு விரல் விட்டு எண்ணினேன். தடுமாறினது நாங்கதான்.

நடந்தது இதுதான். லிங்க்ல 'குவாண்டம்'னு ஒரு கணக்கு இருக்கு. எத்தனை பீட்டை ஒரு சுற்றா எடுத்துக்கணும்ங்கறது அது. ப்ளே அழுத்தினா, அடுத்த சுற்று ஆரம்பிக்கிற வரைக்கும் ஆப் காத்திருந்து உள்ளே வரும். பல ஆப்ல இது 4. எங்க ரெண்டு பேர் ஆப்லயும் அப்படியே விட்டிருந்தோம். லூப்போட நீளம் ஏழு, உள்ளே வர்ற வாசல் நாலு. 30 ஆவர்த்தனம் முடிஞ்சிருந்தா 210 பீட் ஓடியிருக்கும். சமம் அங்கே விழணும். ஆனா 210 நாலால வகுபடாது. ஆப் 212 வரைக்கும் காத்திருந்துட்டு வரும். அதாவது ரெண்டு மாத்திரை தள்ளி. நாலும் ஏழும் சந்திக்கிறது 28 பீட்டுக்கு ஒரு தடவை, அதாவது நாலு ஆவர்த்தனத்துக்கு ஒரு தடவைதான். அப்படி ஒரு இடத்துல அழுத்தியிருந்தா தப்பே தெரிஞ்சிருக்காது. ஒத்திகையில ஆரம்பத்துல எல்லாரும் ஒண்ணாத் தொடங்கினோம், நடுவுல நிறுத்தவே இல்லை. அதனால மாட்டிக்கலை. ஆதி தாளமா இருந்தாலும் இதே கதைதான். எட்டு அட்சரத்துக்கு நாலு வாசல் வெச்சா, பாதி ஆவர்த்தனத்துல உள்ளே வந்து நிக்க வாய்ப்பு இருக்கு.

கவனிச்சுப் பாருங்க, பீட் ஒரு இம்மி கூடத் தப்பலை. மூணு டேப்லெட்லயும் எல்லாம் ஒண்ணாத்தான் துடிச்சுது. 'மூணு பேர் இணைஞ்சிருக்காங்க'ன்னு திரையில சமத்தாக் காட்டிக்கிட்டும் இருந்துச்சு. அந்த ஒற்றுமையைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். மெஷின் எல்லாம் ஒரே பக்கம் நின்னா, தனியா நிக்கிற மனுஷன் தப்புன்னு மனசு தானா முடிவு பண்ணிடுது. மெஷின்கள் ஒத்துப் போறதும் அதுங்க சரியா இருக்கறதும் வேற வேற. அன்னிக்கு அந்த மேடையில ஏழை மனசுக்குள்ள எண்ணிக்கிட்டு இருந்தது சார் ஒருத்தர் மட்டும்தான்.

விஷயம் தெரிஞ்சதும் நண்பன், "எல்லாத்தையும் லேப்டாப்ல ஒரே ட்ராக்காப் போட்டு ஓட்டிடலாம்டா, வம்பே இல்லை"ன்னான். எனக்கு அதுல உடன்பாடு இல்லை. ட்ராக் போட்டுட்டா அது ஓடற ஓட்டத்துக்குத்தான் அக்கா பாடணும். கூட்டம் ரசிக்குதுன்னு ரெண்டு ஆவர்த்தனம் நீட்ட முடியாது, மூச்சு வாங்குதுன்னு வேகத்தைக் குறைக்கவும் முடியாது. லிங்க்ல இதெல்லாம் முடியும். அதுக்காகவே அது வேணும். ஆனா மூணு நிபந்தனை.

ஒண்ணு, சொந்த ரூட்டர். ரெண்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் எல்லா ஆப்லயும் குவாண்டம் தாளத்துக்குத் தகுந்த மாதிரி இருக்கான்னு முன்னாடியே பார்க்கணும். மாத்த முடியாத ஆப்பா இருந்தா ஸ்டாப் பக்கமே போகக்கூடாது, மியூட்தான். மூணு, வேகம் ஒருத்தர் பொறுப்பு. ஒத்திகையில ஒரு தடவை தங்கச்சியோட துப்பட்டா பட்டு 92-லேருந்து 104-க்கு எல்லாரும் குதிச்சோம். யார் வேணா வேகத்தை மாத்தலாம்னு லிங்க் அனுமதிக்குது. அதுக்காக எல்லாரும் மாத்தணும்னு இல்லையே.

எங்க குழுவுல அந்தப் பொறுப்பு இனிமே சார்கிட்ட. டேப்லெட்டைத் தொடறது தங்கச்சி, ஆனா அவர் தலையை ஆட்டினாத்தான். நாங்க நிறுத்திட்டுத் திரும்ப வர்றதும் அவர் கையைப் பார்த்துத்தான்.

ரெக்கார்டிங் கேட்ட அன்னிக்குச் சாயங்காலமே மூணாவது மாடிக்குப் போனேன். 28, 210, 212ன்னு கணக்கெல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "எனக்கு அப்பவே தெரியும் தம்பி. மேடையில வெச்சு யார் சரின்னு பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா? பாட்டு நின்னுடுமே"ன்னார். காபி கொடுத்தாங்க. பேத்தி உள்ளேருந்து எட்டிப் பார்த்தா. அவகிட்டயும் சொன்னேன், "அன்னிக்குத் தாத்தா தப்பு பண்ணலைம்மா, நாங்கதான் பண்ணோம்"னு.

"தெரியுமே, தாத்தா சொல்லிட்டாங்க"ன்னுட்டு ஓடிட்டா.

செயலாளர்கிட்ட சொல்றதுதான் பாக்கி. இந்தப் பதிவோட சுட்டியை அவருக்கு அனுப்பப் போறேன்.

பி.கு: இதே மாதிரி வகையா மாட்டின அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. கண்ட சாபுல யாராவது முயற்சி பண்ணியிருந்தா அவசியம் எழுதுங்க. அடுத்த விழாவுக்கு அக்கா அதுல ஒண்ணு எடுத்து வெச்சிருக்காங்க. அஞ்சும் நாலும் சந்திக்கிறது 20-ல. இப்பவே வயித்தைக் கலக்குது :-)