எந்தத் துறை?

2024 சனவரியில் சென்னையில் கூடிய உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 இலட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. நன்று. மீன்கூடை சுமக்கும் பெண் யாரோடு ஒப்பந்தமிடுவாள்? அவளைப் போன்றோர் ஏதோ சிலரல்லர். 2013இல் தொடங்கிய ஆறாம் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, பயிர்த்தொழில் நீங்கலாக இந்நாட்டின் 5.85 கோடித் தொழில் நிலையங்களில் ஏறத்தாழ 72 விழுக்காடு, கூலியாள் ஒருவரும் இன்றி நடப்பவை. எண்ணிய கையே திட்டம் தீட்டும்போது அவர்களை மறந்துவிடுகிறது!

2014ஆம் ஆண்டுத் தெருவோர வணிகர் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டு இடங்களை அவ்வணிகருக்கே அளித்தது. பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோகும் வரைபடம் அக்குழுவைக் கேட்டா வரையப்படுகிறது? எங்கள் ஊரில் அவ்வாறு நேர்ந்தபோது, பழைய நிலையத்து வாசலில் பூக்கட்டும் கைம்பெண் இனி எங்கே விற்பாள் என்று அதிகாரியிடம் கேட்டேன். ‘அது எங்கள் துறையன்று, சாமி’ என்றார். பின் எந்தத் துறை என்றதற்கு விடையில்லை.